கோட்டுக்குக் கீழே ஒரு ஓட்டு

ஆல்பனி
14 ஆகஸ்ட் 2023

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இடது காதும் போய்விட்டது. போனில் நீ கத்தினாலும் எனக்குக் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும். அதனால் கடிதம். தாள் வாங்கிய செலவுக்காவது பதில் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். மாநில மேலவையில் உங்கள் சுரங்க-மேய்ச்சல் மண்டலத்து உறுப்பினர் லாரி என்பவர் உடம்பு முடியாமல் பதவியை விட்டுவிட்டார். பேப்பரில் பார்த்திருப்பாய். இடம் காலியானால் இடைத்தேர்தல் வைப்பார்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். மேலவைக்கு அது கிடையாது. 2021-இல் விழுந்த பழைய சீட்டுகளையே மறுபடி எண்ணுவார்கள். லாரிக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்து யார் பெயர் வருகிறதோ, அவருக்கு இடம். ஆனால் அந்த ஆள் "சம்மதம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் கட்சிப் பட்டியலில் முதல் இரண்டு பேர் ஜெயித்தார்கள். மூன்றாவது பெயர் யாருடையது? கூரபின் நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் நோரீன் டோல்ஹர்ஸ்ட் அம்மையாருடையது! முப்பது வருடம் ஓட்டுச்சாவடியில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், நம்பு. மாண்புமிகு அக்கா, பெர்த்துக்குப் போகும்போது அந்த எண்ணெய்க் கறை பிடித்த ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போ.

உன் செவிட்டுத் தம்பி,
கிளைவ்


கூரபின்
24 ஆகஸ்ட் 2023

அன்புள்ள கிளைவுக்கு,

முழங்கால் இருக்கிறது, வளையத்தான் மாட்டேன் என்கிறது. நீ காதுக்கு மெஷின் வைத்துக்கொள். கிழவன் மாதிரி தெரியுமே என்று பார்க்காதே, நீ கிழவன்தான்.

உன் கடிதத்தைக் கடையில் வாசித்துக் காட்டினேன். டிரக் டிரைவர்கள் எல்லாம் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்கள். ஒருவன் கறி அடைத்துச் சுட்ட மீட் பை பாதிவிலைக்குக் கேட்டான்.

நான் அதற்கெல்லாம் ஆசைப்பட்டு நிற்கவில்லை என்று உனக்கே தெரியும். பட்டியல் நீளமாகத் தெரிய வேண்டும், உள்ளூர்ப் பெயர் ஒன்று வேண்டும் என்று கட்சிக்காரர் ஹாஸ்கெல் வந்து கேட்டார். அடுப்பில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது. ஆளைக் கிளப்பினால் போதும் என்று கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் என் அரசியல்.

ஹாஸ்கெல் முந்தாநாள் போன் செய்தார். நான் சம்மதம் கொடுக்க வேண்டாமாம். நான் ஒதுங்கினால் நான்காவது பெயருக்கு இடம் போகும். அவன் பெர்த்தில் வக்கீல், கெட்டிக்காரப் பையன். சரி என்று சொல்லிவிட்டேன். எப்படியும் ஒன்றரை வருடத்தில் இந்த மண்டலங்களையே எடுத்துவிடப் போகிறார்கள், மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாமே.

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். இந்த மண்டலம் வடக்கே எதுவரை போகிறது? பெல்ஸ் கிராசிங் எல்லாம் இதில்தான் வருமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
நோரீன்


ஆல்பனி
2 செப்டம்பர் 2023

அக்கா,

நலம். மெஷின் வாங்கிவிட்டேன். அதில் என் வீட்டு ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் பிரமாதமாகக் கேட்கிறது.

மொத்தம் ஆறு மண்டலங்கள். பெர்த்துக்கு மூன்று, மிச்ச ஊர்களுக்கு மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஆறு உறுப்பினர். நான் தென்மேற்கில் இருக்கிறேன், அதனால் சொந்த அக்காவுக்கு ஓட்டுப் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. உங்களுடையதுதான் இருப்பதிலேயே பெரியது. தெற்கே உப்புப் புதர்க்காட்டில் ஆரம்பித்து வடக்கே கடல்வரை போகிறது. பெரிய தேசங்கள் சிலவற்றை உள்ளே வைத்து மூடிவிடலாம். ஜனம்தான் கிடையாது. அதனால்தான் உன் ஒரு ஓட்டு பெர்த்தில் ஆறு பேர் ஓட்டுக்குச் சமம். இது அநியாயம், எடுக்க வேண்டியதுதான் என்பது என் கருத்து. நீ கரண்டியைத் தூக்குமுன் அடுத்த பாராவுக்குப் போகிறேன்.

ஆமாம், பெல்ஸ் கிராசிங் அதில்தான் வருகிறது. உன் கையில் கிடைத்த அதே நீளச் சீட்டுதான் அங்கேயும். உன் பெயரும் அதில் இருந்தது.

அங்கே இருக்கிற உன் மகள் ஜனீனைப் பற்றி நீ கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. கேட்டால் சொல்வேன்.

கிளைவ்


கூரபின்
15 செப்டம்பர் 2023

அன்புள்ள கிளைவ்,

இங்கே எல்லோரும் சுகம். காற்றில் செம்மண் பறக்கிறது, பால் காப்பிகூடச் சிவப்பாகத்தான் இருக்கிறது.

ஹாஸ்கெல் நேரிலேயே வந்துவிட்டார், ஒரு சாக்லேட் டப்பாவோடு. நான் சரி என்று சொன்னதை எழுத்தில் வாங்கிப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

"ஏன் ஹாஸ்கெல், நான்தான் வாயால சொல்லிட்டேனே?" என்றேன்.

"உன்ன நம்பலன்னு இல்ல நோரீன். ஊருல நாலு பேரு ஏத்தி விடுவாங்க. ஜனங்க உனக்குத்தான் ஓட்டுப் போட்டாங்கன்னு நீயே நெனச்சிடக் கூடாதுல்ல."

"பின்ன யாருக்குப் போட்டாங்க?"

"கட்சிக்கும்மா. கோட்டுக்கு மேல கட்சிக் கட்டத்துல ஒரு 'ஒன்னு' போட்டுட்டு, வெளிய வந்து, சாவடி வாசல்ல சுட்டு விக்கிற சாசேஜத் தின்னுட்டுப் போயிட்டாங்க. உன் பேருக்குத் தனியாப் போடணும்னா கோட்டுக்குக் கீழ அம்பதுக்கு மேல இருக்கிற அத்தன கட்டத்துக்கும் வரிசையா நம்பர் எழுதணும். தப்பு வந்தா செல்லாது. உனக்காக எவன் அதச் செய்வான்? உன் கடையில மீட் பை திங்கிற பத்து இருபது பேரு. வேற யாரு?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைத்தானே சொல்கிறார் என்றும் பட்டது. சாக்லேட் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்து அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜனீனைப் பற்றி நீ எழுதிய கடைசி வரியைப் படித்தேன். அவள் புரூஸின் அடக்கத்துக்கு வந்தாள். ஒரு வாய் டீ குடிக்காமல் போனாள். அப்பாவைப் புதைத்த அன்றைக்கு அம்மாவைத் தனியாக விட்டுப் போகிற பெண்ணிடம் நான் என்ன கேட்பது?

நோரீன்


ஆல்பனி
25 செப்டம்பர் 2023

அக்கா,

இடுப்பு வலிக்கிறது, எலும்பு டாக்டர் நடக்கச் சொல்கிறார். நடந்தால் வலிக்கிறது. இதுதான் வைத்தியம்.

நீ எழுதியதில் பாதியை விட்டுவிட்டாய். நானும் அந்தச் சர்ச்சில்தான் இருந்தேன், அன்றைக்கு எனக்குக் காது நன்றாகவே கேட்டது. டாரல் சாலை போடும் கிரேடர் வண்டி ஓட்டுகிறவன், ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டி விலகியவன், ஜனீனைவிட வயதில் ரொம்பப் பெரியவன், அவனை உனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் கல்யாணத்துக்கு நீ போகவில்லை. அது உன் இஷ்டம். ஆனால் அடக்கத்தன்று அவன் ஜனீன் பக்கத்தில் முன் வரிசையில் உட்காரப் போனபோது, நீ எல்லோர் காதிலும் விழ, "முன் வரிச குடும்பத்துக்காரங்களுக்கு" என்றாய். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். ஜனீனும் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு வருடமாக அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

போகட்டும். ஹாஸ்கெல் கேட்ட கேள்விக்குப் பதில் தேடினேன். சாவடிவாரியாக வந்த முடிவுகள் யாரும் பார்க்கக்கூடியவைதான். உன் பெயருக்கென்று தனியாக விழுந்த ஓட்டுகளில் அநேகமாக எல்லாம் கூரபினிலும் சுற்றுவட்டாரத்திலும் விழுந்திருக்கின்றன. மீட் பை தின்றவர்கள்தான், ஹாஸ்கெல் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும் அப்படி இல்லை. ஒரே ஒரு ஓட்டு, பெல்ஸ் கிராசிங் சாவடியில்.

அந்த வெயிலில், அந்தத் தகரக் கொட்டகையில், அட்டைத் தடுப்புக்குள் நின்று யாரோ ஒருவர் உன் பெயரில் ஒன்று போட்டு ஆரம்பித்து, மிச்சக் கட்டங்கள் எல்லாவற்றையும் தப்பில்லாமல் நிரப்பியிருக்கிறார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கிளைவ்


ஆல்பனி
16 அக்டோபர் 2023

அக்கா,

சுகமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. உன் பக்கத்துப் பெட்ரோல் பங்க்குக்குப் போன் போட்டு, எனக்குப் பதிலாக இங்கே எதிர் வீட்டுப் பெண்ணைப் பேசச் சொன்னேன். நீ கடையில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நிம்மதியாக இருந்தது.

சம்மதம் கொடுக்க இந்த வாரத்தோடு கெடு முடிகிறது. கொடுப்பதும் விடுவதும் உன் பாடு.

கிளைவ்


கூரபின்
3 நவம்பர் 2023

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுதிக்கொண்டே இருந்ததுதான். உனக்கில்லை. நான்கு தாள் எழுதினேன், நான்கையும் அடுப்பில் போட்டேன். "அன்புள்ள ஜனீன்" என்பதற்கு மேல் போக வரவில்லை.

சம்மதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். எண்ணியும் முடித்துவிட்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன், கிளைவ்! ஹாஸ்கெல் போனில் கத்திய கத்தில் உனக்கே காது கேட்டிருக்கும்.

"வாக்குக் குடுத்துட்டு இப்படிப் பண்ணிட்டியே! ஏன் நோரீன்? என்ன வந்துச்சு உனக்கு?"

"ஒரு ஓட்டு வந்துச்சு" என்றேன்.

"என்ன ஒரு ஓட்டு?"

"உனக்கு வெளங்காது ஹாஸ்கெல். வையி."

அந்த வக்கீல் பையனிடம் பேசி மன்னிப்புக் கேட்டேன். அவன் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று மரியாதையாகத்தான் பேசினான்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். மழுப்பாமல் சொல். நீ அவளோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அது அவளா?

நோரீன்


ஆல்பனி
13 நவம்பர் 2023

மாண்புமிகு அக்காவுக்கு,

வாழ்த்துகள். எனக்குப் பெருமையாக இருக்கிறது, அழுதுகூடத் தொலைத்தேன். எதிர் வீட்டுப் பெண் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் புட்டிங் செய்து கொண்டு வந்தாள்.

யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று முப்பது வருடத்தில் நான் ஒருவரைக்கூடக் கேட்டதில்லை. ஜனீனையும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நீ போய்க் கேள். உன் மண்டலம் அவ்வளவு பெரியது என்பதால் உறுப்பினர் சுற்றிப் பார்க்கச் சின்ன விமானம் வாடகைக்கு எடுக்கலாம், அரசாங்கம் பணம் தரும். மண்டலம் இருக்கும்வரைதான் அதுவும் இருக்கும்.

கிளைவ்


பெர்த்
20 மார்ச் 2024

அன்புள்ள கிளைவ்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இது ஒன்று. கோபித்துக்கொள்ளாதே. இடுப்பு இப்போது தேவலையா?

மேலவையில் சிவப்பு நாற்காலி. சாய்ந்தால் தூக்கம் வருகிறது, பலருக்கும் வருகிறது. நான் தங்கச்சுரங்க ஊர்கள் எல்லாவற்றுக்கும் போய் வந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் இல்லை, பாலத்தில் தண்ணீர் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். சபையில் எழுந்து சொன்னேன்.

வடக்கே இன்னும் போகவில்லை. நீ கேட்குமுன் சொல்லிவிடுகிறேன்: மழைக்காலம், சாலை மூடியிருக்கிறது, விமானம் இறங்கும் ஓடுபாதை சேறு.

நோரீன்


ஆல்பனி
1 ஏப்ரல் 2024

அக்கா,

இடுப்பு அப்படியே. மழை இந்த மாதத்தோடு நின்றுவிடும் என்று ரேடியோவில் சொன்னார்கள். மெஷினை மாட்டிக்கொண்டு கேட்டேன், தெளிவாகச் சொன்னார்கள்.

கிளைவ்


பெல்ஸ் கிராசிங்
9 ஜூன் 2024

அன்புள்ள தம்பி கிளைவுக்கு,

நான் சுகம். இங்கே குளிர்காலம் என்கிறார்கள், எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. நிதானமாக வாசி, நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஓடுபாதைக்கு இரவு விளக்கு வேண்டும் என்று இந்த ஊர்க்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். விளக்கில்லாமல் ஆஸ்பத்திரி விமானம் ராத்திரியில் இறங்க முடிவதில்லை. அதைச் சாக்கு வைத்துக் கூட்டம் போடச் சொல்லி எழுதினேன். தகரக் கொட்டகையில் நாற்பது பேர் இருக்கும். கால் இழுக்க உள்ளே போகிறேன், வாசலில் டாரல் நிற்கிறான். தலை நரைத்துவிட்டது. நான் வாயைத் திறக்குமுன், கையில் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நடந்தான். நேரே கொண்டுபோய் முன் வரிசையில் போட்டான்.

"இங்க உக்காருங்க அத்தை. ஃபேன் இங்கதான் வரும்."

அவன் குத்திக் காட்டவில்லை, கிளைவ். முகத்தைப் பார்த்தேன். ஃபேன் அங்கேதான் வந்தது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

ஜனீன் பின்னால் நின்றிருந்தாள். கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினாள். "உறுப்பினர் அவர்களே" என்று என்னைக் கூப்பிட்டாள், பெற்ற மகள். விளக்கு எப்போது வரும் என்று கேட்டாள். பணம் ஒதுக்கக் கேட்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை, கிடைக்கும்வரை கேட்பேன் என்றேன். தலையை ஆட்டினாள்.

கூட்டம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்கு என்னை டாரல்தான் கூப்பிட்டான். டீ வைத்தாள். உனக்குத்தான் என் பொறுமை தெரியுமே, கப்பைக் கையில் வாங்கினதும் கேட்டுவிட்டேன்.

"ஜனீன், அந்த ஓட்டு நீதானே போட்ட?"

"எந்த ஓட்டு?"

"என் பேருக்கு. கோட்டுக்குக் கீழ. இந்தச் சாவடியில."

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு, "நான் போடல" என்றாள். "சும்மா உன் மனசு குளிரப் பொய் சொல்ல மாட்டேன். உள்ள போனேன். சீட்ட விரிச்சேன். உன் பேரப் பாத்தேன். பென்சில கையில வச்சுக்கிட்டு நின்னேன். போட மனசு வரல, உன்னத் தாண்டி வேற ஆளுக்குப் போடவும் மனசு வரல. வெறும் சீட்ட மடிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்."

அந்த ஒரு ஓட்டை நம்பி ஹாஸ்கெலிடம் கொடுத்த வாக்கை மீறினேன். அதை நம்பித்தான் இத்தனை தூரம் வந்தேன்.

டாரல் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். "அது நான்" என்றான், திரும்பாமலேயே.

"நீயா? எதுக்குப்பா?"

"அன்னிக்கு வாசல்ல சாசேஜ் சுட்டுக்கிட்டு இருந்தேன் அத்தை. இவ வெளிய வந்தா. மொகம் செத்துப் போயிருந்துச்சு. என்னடின்னு கேட்டேன், 'அம்மா பேரு இருக்கு'ன்னா. அவ்ளோதான் சொன்னா. நான் இடுக்கிய வச்சுட்டு உள்ள போயி, உங்க பேருல ஆரம்பிச்சேன். பாதியில எண் கொழம்பிடுச்சு, வேற சீட்டு வாங்கிட்டு மறுபடி மொதல்லேருந்து போட்டேன். அதுக்குள்ள வெளிய சாசேஜ் பூரா கரிஞ்சு போச்சு."

"இவகிட்டச் சொல்லவே இல்லையா?"

"ஓட்டுன்னா வெளிய சொல்லக் கூடாதில்ல?"

ஜனீனுக்கும் அப்போதுதான் தெரியும். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. எழுந்து போய் அந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்பதை உனக்கு எழுத மாட்டேன், அது அவனுக்குச் சொன்னது.

கூடுதலாக நான்கு நாள் இருக்கப் போகிறேன். விமானத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். திரும்புவது பஸ்ஸில், என் சொந்தக் காசில். நீ அரசாங்கப் பணம் என்று ஆரம்பிக்காதே.

நோரீன்


பெல்ஸ் கிராசிங்
9 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஜனீனுக்கு நீ எழுதியதைப் படித்துக் காட்டினாள். நர்ஸ்களிடம் வம்பு பண்ணாமல் படு. என் முழங்காலுக்கு இந்த ஊர் வெயில் ஒத்துக்கொண்டுவிட்டது.

நேற்றுத் தேர்தல். இந்த முறை பட்டியலில் முப்பதாவது இடம் தருவதாக ஹாஸ்கெல் வந்தார், இன்னொரு சாக்லேட் டப்பாவோடு. இடம் நிரப்ப வேறு யாராவது வெங்காயம் வதக்குகிறவளைப் பிடி என்று சொல்லிவிட்டேன். டப்பாவை மட்டும் இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன். இன்னும் இரண்டு மாதம் நான் உறுப்பினர். ஓடுபாதை விளக்குக்குப் பாதிப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். மீதிக்கு அந்த வக்கீல் பையனைப் பிடித்து உட்கார வைத்து எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஜெயித்தால் செய்வான்.

நீ ஆசைப்பட்டபடியே மண்டலங்கள் போய்விட்டன. ஆல்பனியில் உனக்கும் இங்கே எங்களுக்கும் ஒரே சீட்டு. விரித்தால் மேஜை போதவில்லை. கோட்டுக்குக் கீழே போடுகிறவர்கள் இருபது எண் எழுதினால் போதுமாம். டாரல் அதைக் கேட்டுவிட்டு, "நாலு வருஷம் முன்னாடியே இதச் சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா?" என்றான். என் ஓட்டு இனி ஆறு பேருக்குச் சமமில்லை, ஒருத்தருடையதுதான். உனக்குச் சந்தோஷம்தானே.

வாசலில் டாரலும் நானும் சாசேஜ் சுட்டோம். அவன் சுட்டதைவிட நான் சுட்டதுதான் அதிகம் விற்றது, அவனையே கேட்டுக்கொள். ஜனீன் உள்ளே போனவள் வெகு நேரம் வரவில்லை. நான் கதவையே பார்த்தபடி வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து என் பக்கத்தில் நின்று, ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள்.

"என்னடி, இவ்வளவு நேரம்?"

"போன தடவ உன் பேரு இருந்துச்சு, போடக் கை வரல" என்றாள். "இன்னிக்குக் கை வந்துச்சும்மா. மேலேருந்து கீழ வரைக்கும் தேடுனேன், உன் பேரு இல்ல."

"பேரு இல்லாட்டி என்னடி, ஆளுதான் இங்கயே நிக்கிறேனே" என்றேன்.

"ஆமா, நிக்கிற. வெங்காயம் கருகுது பாரு" என்றாள்.

நடக்க ஆரம்பித்ததும் எழுது. மே மாதத்துக்குமேல் என் விலாசம் கூரபின் இல்லை. கடைக்கு ஆள் பார்த்தாயிற்று. இந்த உறையின் பின்னால் இருக்கும் விலாசத்துக்கே போடு.

உன் அக்கா,
நோரீன்